யார் நிழலில் நடப்பது?

(மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒத்திகை பாராமல் மேடையேறும் நாடகம் என்ன ஆகும்? அரசன் வரவேண்டிய வழியில் சேவகன் வருவான், சேவகன் பேச வேண்டியதை அரசன் பேசுவான், அவையோர் சிரிப்பர். மூன்று மணி நேர நாடகத்துக்கே பல வார ஒத்திகை கேட்கிறோம். முப்பது நாற்பது ஆண்டுகள் நடத்த வேண்டிய வாழ்க்கைத் தொழிலுக்கோ, நம் வீட்டுப் பிள்ளையை ஒரு நாள் ஒத்திகையும் இன்றித் தள்ளிவிடுகிறோம். பட்டம் கையில், பதற்றம் நெஞ்சில்!

எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் இந்த நிலையா? இல்லை! வழக்கறிஞரின் மகன் பத்து வயதிலேயே வழக்கு மன்றத்தைப் பார்த்துவிடுகிறான். வாய்தா என்றால் என்ன, கட்சிக்காரரிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் உணவு வேளையிலே அவன் செவிக்கு வந்து சேருகின்றன. மருத்துவரின் மகளுக்கு மருத்துவமனை அச்சமூட்டும் இடமல்ல. அம்மாவைத் தேடிச் செல்லும் இடம். அவர்களுக்கு வீடே பயிற்சிக்கூடம். வரும் விருந்தினரே வழிகாட்டிகள். உழவரின் மகளுக்கு? செங்கல் சுமக்கும் தாயின் மகனுக்கு? நேர்முகத் தேர்வு நாளன்றுதான் அலுவலகத்துக்குள் முதற்காலடி! அவர்களிடம் அறிவுக்குப் பஞ்சமில்லை, அறிமுகத்துக்குத்தான் பஞ்சம்.

உயர்கல்விச் சேர்க்கை விகிதம், 2021-22ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியா முழுமைக்கும் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. பூரிக்கத்தக்க செய்திதான். கல்லூரியின் வாயிலைத் திறந்தோம். அங்கிருந்து பணிமனையின் வாயில்வரை பாதை போட்டோமா? கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். எனினும் கேட்கிறேன், முழுதும் படித்து முடித்தவன் தெருவில் திகைத்து நிற்கலாமா?

அந்தப் பாதையின் பெயர்தான் நிழற்பயிற்சி. 'ஜாப் ஷாடோயிங்' என்பர் ஆங்கிலத்தில். தொழில் வல்லார் ஒருவரை மாணவன் சில நாட்கள் நிழல்போலத் தொடர்கிறான். பார்க்கிறான், கேட்கிறான், குறித்துக்கொள்கிறான். பின்னர் அவரே வழிகாட்டியாகி, அவன் வேலையில் அமரும்வரை துணை நிற்கிறார்.

பார்ப்பதால் என்ன பயன் என்பீர்கள். பணி மாறும் வேளையில் செவிலியர் ஒருவர் மற்றவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் பாங்கை எந்த ஏடு முழுதும் காட்டும்? தன்னைவிட அனுபவம் மிக்க கொத்தனாரிடம் இளம் பொறியாளர் எந்தக் குரலில் பேச வேண்டும் என்பதற்கு எந்தத் தேர்வில் மதிப்பெண் உண்டு? தெரியாததைத் தெரியாது என்று கூறிக் கேட்டறியும் துணிவை எந்தக் கரும்பலகை தரும்? அவை அருகிருந்து அறிபவை!

"தொழிலைப் பார்த்துப் பழகு" என்றதும் மூத்த தோழர்களின் புருவம் நெரிகிறது. நெரியத்தான் வேண்டும்! 1953ஆம் ஆண்டு, சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராஜாஜி, ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளின் வகுப்பு நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்தார். எஞ்சிய வேளையில் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்றார். குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டுக் கொதித்தெழுந்தது நாடு. 1954இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து அமைந்த காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது.

அத்திட்டத்தின் குற்றம் தொழிலைக் கற்பித்தது அன்று. எந்தத் தொழில் என்பதைப் பிறப்பைக் கேட்டு முடிவு செய்தது குற்றம். அதற்காகப் படிப்பைப் பறித்தது பெருங்குற்றம்! அப்பன் நிழலிலேயே நட என்றது அது. நீ விரும்பும் எவர் நிழலிலும் நட என்பது இது. அது வேலி, இது வாயில்!

விழிப்பு இன்னும் தேவை. 14 வயது நிரம்பாத பிள்ளைகளை வேலைக்கு அமர்த்தலாகாது என்று கூறிய 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமே, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் அவர்கள் உதவலாம் என விலக்கும் அளித்தது. முன்வாசலில் பூட்டு, கொல்லைப்புறம் திறப்பு!

பிறநாட்டைப் பாருங்கள். ஜெர்மனியில் தொழிற்பயிற்சிக்கென 1969இல் சட்டமே இயற்றினர். பயிலும் இளைஞன் வாரத்தில் சில நாட்கள் நிறுவனத்தில், சில நாட்கள் தொழிற்பள்ளியில். பயிலும்போதே ஊதியமும் உண்டு. பெண்கள் குறைவாக உள்ள தொழில்களை மாணவியர் நேரில் காணவென்றே, 2001 முதல் ஆண்டுக்கு ஒரு நாளையும் அங்கே ஒதுக்கியுள்ளனர்.

இங்கே சட்டம் இல்லையா? இருக்கிறது. 1961இல் பிறந்தது தொழில் பழகுநர் சட்டம். 2019ஆம் ஆண்டு விதித்திருத்தம், 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநரை உதவித்தொகையுடன் சேர்க்க வேண்டும் என்றது. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் முதல் நாள் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. வாய்க்கால் வெட்டியாயிற்று, வயலுக்கு மடை திறந்துவிட ஊரார் கை வேண்டாமா?

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். கிளைதோறும் வழக்கறிஞர் உண்டு, ஆசிரியர் உண்டு, மின்பணியாளர் உண்டு, வங்கி ஊழியர் உண்டு. ஆளுக்கொரு மாணவரை, அடுத்த விடுமுறையில் ஐந்தே நாட்கள் உடன் அழைத்துச் செல்லுங்கள். மூன்று நெறிகளை மறவாதீர். அந்த மாணவர் உம் உறவினராக இருத்தல் ஆகாது. தேநீர் வாங்கிவரும் எடுபிடியாக அவரை ஆக்குதல் ஆகாது. மாணவியர்க்கு "உனக்கு எதற்கு இது?" என்று கதவடைத்தல் ஆகாது.

மாலையில் அவர் கேட்கும் கேள்விகளுக்கு அரைமணி ஒதுக்குங்கள். உங்களுக்கு அது அரைமணி. அவருக்கோ, தலைமுறையில் எவரும் காணாத ஓர் அறையின் திறவுகோல்!

பிறந்த வீட்டின் நிழலே போதும் என்றனர் அன்று. விரும்பிய தொழிலின் வெளிச்சத்துக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்வோம் நாம்!