சின்ன ஊருக்கு ஒரு கழகம்

(தண்ணீரூற்றில் இளைஞர் ஒன்றுகூடல் ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உதைபந்தாட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். எப்படி உதைக்கிறது, எப்படி ஓடுறது என்று நான் சொல்லித் தரத் தேவையில்லை. அது உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். நான் சொல்ல வந்தது ஒரு ஊரின் கதை. இந்தப் பேச்சு செய்திமடலில் அச்சாகித் தோட்டங்களில் இருக்கிற எங்கட சொந்தங்களுக்கும் போய்ச் சேரும் என்பதால், அவர்களையும் முன்னால் இருத்தி வைத்துத்தான் பேசுகிறேன்.

பிரான்ஸ் என்றால் எங்களுக்குப் பாரிஸ்தான் ஞாபகம் வரும். லா சப்பல் தெருவில் தமிழ்க் கடைகள் இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த நாட்டின் மேற்குக் கோடியில் பிரித்தானி என்று ஒரு பகுதி இருக்கிறது. கமமும் மாடு வளர்ப்பும் கடல் தொழிலும் செய்கிற சனம். அங்கே கெங்காம் என்று ஒரு சின்னப் பட்டணம். மொத்தச் சனத்தொகை ஏழாயிரம் அளவுதான். அந்த ஊரின் உதைபந்தாட்ட மைதானத்திலோ பதினெட்டாயிரம் பேர் இருக்கலாம். ஊர்ச் சனம் முழுவதும், கைக்குழந்தை உட்பட வந்து இருந்தாலும் பாதி இடம் காலியாகக் கிடக்கும். அப்படியென்றால் அந்த மைதானத்தை நிரப்புவது யார்? சுற்றுவட்டாரக் கிராமங்களின் சனம்தான்.

அந்தக் கழகம் 1912 இல் தொடங்கியது. தொடங்கியது பெரிய பணக்காரர் அல்ல. ஊர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தைச் சார்ந்தவர்கள். பேரும் சாதாரணப் பேர்தான். எங்கட பாஷையில் சொன்னால் "முன்னே செல்" என்று வரும். அறுபது வருஷம் அது பக்கத்து ஊர்களோடு விளையாடுகிற ஒரு கழகமாகவே இருந்தது. அறுபது வருஷம்! ஒருதரும் கவனிக்கவில்லை. ஆனால் ஒருதரும் கலைக்கவும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1972 இல் நொயெல் லு கிராயெத் என்ற உள்ளூர்க்காரர் தலைவரானார். 1977 இல் கழகம் தேசிய இரண்டாம் பிரிவுக்கு ஏறியது. 1984 இல் சம்பளத்துக்கு ஆடுகிற கழகமாக மாறியது. 1990 இல் புது மைதானம் திறந்தார்கள். 1995 இல் முதற்பிரிவு. ஒரேயடியாகப் பாயவில்லை, படி படியாக ஏறினார்கள்.

பிரான்ஸில் ஒரு கிண்ணப் போட்டி இருக்கிறது. முதலாம் உலக யுத்தம் முடிகிற காலத்தில் தொடங்கியது. அதில் பெரிய கழகம், சின்னக் கழகம் என்ற பாகுபாடு இல்லை. கிராமத்துக் கழகமும் சேரலாம். ஆயிரக்கணக்கான கழகங்கள் சேருகின்றன. தோற்றவர் வெளியே, வென்றவர் மேலே. 2009 மே 9ஆம் திகதி அதன் இறுதியாட்டம் பாரிஸுக்குப் பக்கத்தில் நடந்தது. ஒரு பக்கம் ரென், பிரித்தானியின் தலைநகரம், இரண்டு லட்சத்துக்கு மேல் சனம், முதற்பிரிவுக் கழகம். மற்றப் பக்கம் கெங்காம், அந்த நேரம் இரண்டாம் பிரிவில் இருந்தது. எண்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க முதல் கோலை ரென் அடித்தது. பிறகு எடுவார்டோ என்ற பிரேசில்காரர் கெங்காமுக்காக இரண்டு கோல் அடித்தார். கிண்ணம் சின்ன ஊருக்கு வந்தது. முதற்பிரிவில் இல்லாத கழகம் ஒன்று அந்தக் கிண்ணத்தை வென்றது 1959க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. 2014 இல் அதே இரண்டு கழகமும் திரும்ப இறுதியில் மோதின. கெங்காம் இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்றது.

இனி ஒரு முக்கியமான விஷயம். பெரிய பட்டணத்து ஆட்கள் கெங்காம்காரரைப் பார்த்து "பட்டிக்காட்டுக் கமக்காரன்" என்று கத்துவார்கள். வன்னியில் கமக்காரன் என்றால் மதிப்பான சொல். அங்கே அதை வசைச்சொல்லாகச் சொன்னார்கள். கெங்காம்காரர் சண்டைக்குப் போகவில்லை, தலையைக் குனியவும் இல்லை. அந்தச் சொல்லைத் தாங்களே எடுத்துப் பாட்டாகப் பாடினார்கள். "ஓம், நாங்கள் கமக்காரர்தான். வா, விளையாடிப் பார்ப்போம்" என்றார்கள்.

எங்களுக்கும் ஒரு சொல் இருக்கிறது. "தோட்டக்காட்டான்." இதை நான் மேடையில் சொல்லும்போது சிலபேர் நிலத்தைப் பார்க்கிறீர்கள். தேயிலைக்கு உரமாகிப்போன சனத்தின் பிள்ளைகள் நாங்கள். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1958, 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு, உடுத்த துணியோடு வன்னிக்கு வந்து காடு வெட்டின குடும்பங்கள் எத்தனை! வந்த இடத்திலும் அந்தச் சொல் பின்னால் வந்தது. சிங்களவர் மட்டும் சொன்ன சொல் அல்ல அது, தமிழரும் சொன்ன சொல். அந்தச் சொல்லைச் சட்டம் போட்டு அழிக்க முடியாது. ஆனால் ஒரே சட்டை போட்டுக்கொண்டு பதினொரு பேர் இறங்கும்போது, அதில் யார் தோட்டத்துப் பிள்ளை, யார் ஊர்ப் பிள்ளை, யார் முஸ்லிம் பிள்ளை என்று பார்க்க யாருக்கு நேரம்? 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் திரும்பி வந்தவர்களும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். 2009 இல் எல்லாத்தையும் இழந்து, முகாமில் கிடந்து திரும்பினவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஊரில் என்ன இருக்கிறது? கிணறு இருக்கிறது, சந்தை இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. நாலாவதாக ஒரு மைதானம் இருக்க வேண்டும்.

கெங்காமும் வெளியாட்களை ஏற்றுக்கொண்ட ஊர்தான். ஐவரி கோஸ்ட்டில் பிறந்த டிடியே ட்ரோக்பா உலகப் புகழ் பெறுவதற்கு முன்னம் 2002, 2003 காலத்தில் ஆடினது அந்தச் சின்ன ஊரில்தான். தென்னமெரிக்கக் கரையிலிருக்கிற பிரெஞ்சுக் கயானாவில் பிறந்த புளோரோன் மலூதாவும் அதே அணியில் ஆடினார். எங்கே பிறந்தவன் என்று ஊர் கேட்கவில்லை. எங்களுக்காக ஓடுவானா என்றுதான் கேட்டது.

வெற்றிக் கதையை மட்டும் சொல்லி உங்களை அனுப்பினால் அது பாதிக் கதைதான். இன்னொரு பிரெஞ்சுக் கழகத்தின் கதையையும் கேளுங்கள். கலே என்பது இங்கிலாந்துக்கு எதிர்க்கரையில் இருக்கிற துறைமுகப் பட்டணம். 2000ஆம் ஆண்டு அந்த ஊர்க் கழகம் நாலாம் பிரிவில் இருந்தது. ஆடினவர்களில் துறைமுகத் தொழிலாளி, ஆசிரியர், கடையில் வேலை செய்கிறவர் என்று எல்லாரும் இருந்தார்கள். அவர்கள் லீல், ஸ்ட்ராஸ்பூர், போர்தோ என்று பெரிய கழகங்களை ஒவ்வொன்றாக விழுத்தி இறுதியாட்டத்துக்கு வந்தார்கள். அங்கே நாந்த் கழகத்துக்கு எதிராக முதல் கோலும் அவர்களே அடித்தார்கள். கடைசி நிமிஷத்தில் ஒரு தண்ட உதையால் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். வென்ற அணியின் தலைவர் கலே அணித் தலைவரையும் கூட்டிக்கொண்டு போய், இரண்டு பேருமாகக் கிண்ணத்தைத் தூக்கினார்கள். நாடே அழுதது.

அதற்குப் பிறகு நடந்தது என்ன? 2008 இல் பெரிய மைதானம் கட்டினார்கள். கழகமோ பணக் கஷ்டத்தில் விழுந்து எழும்ப முடியாமல் போனது. 2017 இல் கழகத்தையே மூடினார்கள். ஒரு ஆட்டத்தில் தோற்றதால் கழகம் சாகவில்லை. வரவுக்கும் செலவுக்கும் கணக்கு ஒத்துவராமல் செத்தது.

கெங்காமும் விழாமல் இல்லை. 2004 இல் முதற்பிரிவிலிருந்து இறங்கியது. கிண்ணம் வென்ற அடுத்த வருஷமே, 2010 இல், மூன்றாம் பிரிவுக்கே போய்விட்டது. 2013 இல் திரும்ப மேலே வந்து, 2019 இல் மறுபடி இறங்கியது. ஆனால் கழகம் இருக்கிறது, பிள்ளைகள் பயிற்சிக்குப் போகிறார்கள். விழுந்தாலும் எழும்பும் கழகம் எது, விழுந்தால் முடிந்துபோகும் கழகம் எது என்பதுதான் எங்கட கேள்வி.

தூர தேசத்தை விடுவோம். இந்தியாவில் மூணாறு தேயிலைத் தோட்டங்களைப் பாருங்கள். அங்கே தொழிலாளரில் பெரும்பாலானோர் எங்களைப் போலத் தமிழர். 1941 இல் பின்லே கம்பெனி காலத்தில் தோட்டங்களுக்கிடையில் ஒரு உதைபந்தாட்டப் போட்டி தொடங்கியது. வெள்ளைக்காரத் துரைமார் போய்விட்டார்கள். கம்பெனி கைமாறியது. ஆனால் அந்தப் பேரிலேயே ஆட்டம் தொடர்ந்தது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அம்மாமார் வந்து பிள்ளைகளுக்காகக் கத்துகிற இடம் அது. துரை தொடக்கிவைத்ததைத் தொழிலாளி தன் சொத்தாக்கிக்கொண்டான்.

இப்ப, செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, நிலம். விளையாடுகிற காணி யார் பேரில் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரியுங்கள். பள்ளிக்கூடத்துடையதா, பிரதேச சபையுடையதா, தோட்ட நிர்வாகத்துடையதா? எழுத்தில் ஒரு அனுமதி வாங்கி வையுங்கள். வாயால் தந்த மைதானத்தில் ஒருநாள் மரக்கன்று நடுவார்கள்.

இரண்டாவது, கணக்கு. சந்தா சின்னதாக இருக்கட்டும், ஆனால் எல்லாரும் கட்டட்டும். வெளிநாட்டிலிருந்து ஒரு அண்ணன் அனுப்புகிற காசில் மட்டும் கழகம் நடத்தினால், அவருக்கு அங்கே வேலை போன மாதம் இங்கே கழகமும் போகும். அவர் தருவதை வலைக்கும் பந்துக்கும் வையுங்கள். அன்றாடச் செலவு ஊர்க் காசில் நடக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கணக்கை எல்லார் முன்னாலும் வாசியுங்கள்.

மூன்றாவது, பொம்பிளைப் பிள்ளைகள். கெங்காம் கழகம் 2011 இல் பக்கத்து ஊர்ப் பெண்கள் அணியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதில் ஆடின கிரியேஜ் ம்பொக் பிறகு பிரான்ஸ் தேசிய அணியிலும் ஆடினார். எங்கட பிள்ளைகள் மட்டும் வேலிக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிக் கொடுக்க வேண்டுமா? பின்னேரம் ஒரு மணித்தியாலம் மைதானத்தை அவர்களுக்கு விடுங்கள்.

கிண்ணம் வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. வராமலும் போகலாம். கெங்காம் கழகத்துக்கு முதல் பெரிய கிண்ணம் கிடைக்கத் தொண்ணூற்றேழு வருஷம் சென்றது. அதற்கிடையில் எத்தனை செயலாளர் கணக்கு எழுதியிருப்பார், எத்தனை பேர் புல் வெட்டியிருப்பார்கள்! அவர்களில் ஒருவர் பேரும் எங்களுக்குத் தெரியாது. அப்படிப் பேர் தெரியாத ஆட்களாக இருந்து ஒரு கழகத்தைக் காப்பாற்றுகிற ஆட்கள்தான் இப்ப இந்த ஊருக்கும் வேணும், தோட்டங்களுக்கும் வேணும்.

அடுத்த கூட்டத்துக்குக் கணக்குப் புத்தகத்தோடு வாருங்கள்.