சாவா மூவாப் பேராடு
(திருவண்ணாமலையில் கூடிய சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஆட்டு மந்தையாகும். தமிழ்ப் பண்டிதன் இலக்கியம் பேசாது ஆடு பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். முல்லைத் திணையினின்றும் ஆநிரையையும் ஆட்டினத்தையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது யாது? அன்றியும், பட்டியில் ஆடு மாண்ட மாதத்திலே பள்ளியில் சில இருக்கைகள் வெறுமையாவதைக் கண்டிருக்கின்றேன். மந்தை நலியின் பிள்ளையின் கல்வி நலிகின்றது. பெண்ணின் மணவினை தள்ளிப்போகின்றது. ஆதலின் இப்பொருள் எனக்குப் புறம்பானதன்று.

சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிலே 'சாவா மூவாப் பேராடு' என்னும் தொடர் பயின்று வருகின்றது. கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க விரும்பியோர் பெரும்பாலும் 96 ஆடுகளை மந்தை காப்போரிடம் ஒப்புவிப்பர். ஏற்றுக்கொண்டவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்து வருதல் வேண்டும். சாவாத ஆடும் மூவாத ஆடும் உலகில் உண்டோ? இல்லை. ஒன்று இறப்பினும் ஒன்று மூப்பினும் அதனிடத்தே இளங்குட்டி வந்து நிற்றல் வேண்டும். தொகை குறைதல் ஆகாது என்பதே அதன் கருத்து. மந்தை வளர்ப்பு நூல் முழுவதும் இவ்விரு சொற்களில் அடங்கிக் கிடக்கின்றது.

முதற்கண் சாவாமையைக் கூறுவேன். ஆட்டுக்கொல்லி என்னும் நோயை நீவிர் அறிவீர். காய்ச்சல், மூக்கொழுக்கு, வாய்ப்புண், கழிச்சல், மூச்சுத்திணறல் என ஒன்றன்பின் ஒன்றாய் வந்து மந்தையையே வாரிக்கொண்டு போவது அது. 1942 இல் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் முதன்முதல் விவரிக்கப்பட்ட இந்நோய், நம் பாரத நாட்டிற் கண்டறியப்பட்டது 1987 இல். எங்கே என்பீரேல், நமக்கு அண்மையில், இந்நாள் விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்த அரசூரிலே! ஆயினும் அவ்வூர்ப் பெயர் நோயோடு நின்றுவிடவில்லை. அங்கே கிடைத்த கிருமியினின்றே 'அரசூர் 87' என்னும் தடுப்பு மருந்து ஆக்கப்பெற்றது. இந்நோயின் உறவாகிய மாட்டு வெக்கை நோய் உலகினின்றே ஒழிந்துவிட்டதென 2011 இல் அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லியையும் 2030 க்குள் ஒழிக்க உலக நாடுகள் உறுதிபூண்டுள்ளன. இராணிப்பேட்டையில் 1932 இல் தோன்றிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் நமக்குத் தொலைவன்று. கால்நடை மருத்துவர் ஊருக்கு வருங்கால் ஓர் ஆட்டையும் மறைக்காது ஓட்டிவருதல் நம் கடமை. விடுபட்ட ஆட்டின் வாயிலாகவே நோய் ஊருக்குள் நுழையும்.

துள்ளுமாரி மற்றொன்று. மழைக்குப்பின் துளிர்க்கும் இளம்புல்லைப் பேராசையுடன் மேய்ந்த கொழுத்த குட்டியே இதற்கு இரையாகும். நலிந்தது பிழைக்க நல்லது மாள்வதைத் தெய்வச் சினம் என்பாருளர். அன்று, குடலிலுள்ள நுண்ணுயிர் மிகுந்து நஞ்சைக் கக்குவதே காரணம். மழைக்கு முன்னரே தடுப்பூசி இடுதலும், பசும்புல்லுக்குச் சிறிது சிறிதாகப் பழக்குதலும் இதற்குரிய காப்பாம்.

புழுக்களோ ஓசையின்றிக் கொல்லும். ஐப்பசி கார்த்திகை மழையில், ஜவ்வாது மலைச்சாரல் போன்ற இடங்களிலே, புழுக்குஞ்சுகள் ஈரப்புல்லின் நுனிக்கு ஏறி நிற்கும். பனி உலர்ந்த பின்னரே மேய்ச்சலுக்கு விடுமின். கீழிமையை விரித்துப் பாருங்கள். சிவந்திருப்பின் நலம், வெளுத்திருப்பின் குருதியைப் புழு உண்கின்றது. தாடையின்கீழ் நீர் கோத்தல் அபாயக்குறி. சாணத்தை ஆராயச்செய்து, ஆட்டின் எடைக்கேற்ற அளவில் மருந்து கொடுத்தல் வேண்டும். குறைந்த அளவில் அடிக்கடி கொடுப்பின் மருந்துக்கு அஞ்சாத புழுக்களை நாமே வளர்த்தவராவோம். ஏரிக்கரைச் சேற்று நத்தையினால் ஈரற்புழு பரவுமாதலின் தொட்டியில் நீர்காட்டுதல் நன்று. சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரம் வேறாகக் கட்டிவைத்த பின்னரே பட்டியிற் சேர்க்க வேண்டும்.

இனி மூவாமை. பல் தேய்ந்ததும், மடி கெட்டதும், ஈராண்டு ஈனாததுமாகிய ஆட்டை இரக்கத்தால் வைத்திருத்தல், இளங்குட்டிக்குரிய தீனியைப் பறிப்பதாகும். இருபத்தைந்து முப்பது பெட்டைக்கு ஒரு நல்ல கிடாய் போதும். ஆனால் தன் மகளையே சேராதவாறு ஈராண்டுக்கொருமுறை கிடாயை மாற்றுதல் இன்றியமையாதது. இனத்தை நோக்கின், நம் வெயிலுக்கும் மேட்டுநிலத்துக்கும் சென்னைச் சிவப்பும் மேச்சேரியும் ஏற்றவை. நீலகிரியாடு கம்பளிக்குப் பேர்பெற்றதெனினும், குளிர்மலைக்கு உரியதனை இங்கே கொணர்தல் கூடாது.

சூல் ஏறத்தாழ 150 நாள். கருவிலுள்ள குட்டி பெரும்பகுதி வளர்வது இறுதி ஆறு வாரங்களிலேயாம். அக்காலத்தில் நிலக்கடலைக் கொடியோடு அகத்தி, தானியம், தாதுவுப்பு இவற்றையும் சிறிது சேர்த்தளித்தால், குட்டி எடையுடன் பிறக்கும். தாய்க்குப் பாலும் சுரக்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டுமின். நோயை எதிர்க்கும் ஆற்றலைக் குட்டி தாயினின்றும் பெறுவது அப்பாலினால்தான். தாய்மார்களே, இவ்வேலையிற் பெரும்பகுதி உங்கள் கையிலேயே உள்ளது. ஆதலின் மந்தையின் கணக்கேடும் உங்கள் கையில் இருக்கட்டும். ஈன்ற நாள், ஊசியிட்ட நாள், விற்ற விலை இவற்றைப் பள்ளி செல்லும் பிள்ளையைக் கொண்டே எழுதச் செய்யுங்கள். எழுத்தும் பயிலும், மந்தையும் வாழும்.

அன்பர்களே! ஒருவர் மட்டும் ஊசியிட்டு அடுத்தவர் இடாவிடின் இருவர் பட்டியும் பாழாம். ஆதலின் ஒவ்வோர் ஊர்க்கிளையும் ஒரு நாள் குறித்து, எல்லா மந்தையையும் ஒருங்கே கூட்டி, மருத்துவரை அழைத்தல் வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றேன். 96 ஆட்டைக் குறையாது காத்து விளக்கெரித்தவர் வழியிலே, நம் இல்லங்களிலும் விளக்கு அணையாதிருக்கச் செய்வோமாக.