மழையின் பாதையில் ஒரு குன்று



பிரிட்டனில் 2,000 அடி, அதாவது 610 மீட்டர் இருந்தால்தான் பொதுவாக மலை என்று கணக்கில் சேர்ப்பார்கள். இங்கிலாந்தின் வடமேற்கே, லேக் டிஸ்ட்ரிக்ட் என்னும் ஏரி நாட்டில் இருக்கிறது ஹேஸ்டாக்ஸ். உயரம் 597 மீட்டர். 13 மீட்டரில் தேர்வில் தவறிய குன்று! பக்கத்தில் நிற்கும் கிரேட் கேபிளோ 899 மீட்டர்.

ஆனாலும், அந்த வட்டாரத்தின் 214 குன்றுகளையும் ஏறிப் பார்த்து, படம் வரைந்து, 1955 முதல் 1966 வரை ஏழு வழிகாட்டி நூல்கள் எழுதிய ஆல்ஃப்ரெட் வெயின்ரைட்டுக்கு மனம் ஒட்டியது இந்தக் குட்டைக் குன்றில்தான். 1991இல் அவர் காலமானபின், அவர் விரும்பியபடியே அஸ்தியை இதன் உச்சியருகே உள்ள சுனைக்கரையில் தூவினார்கள்.

குன்றின் மேலே சுனை எப்படி வந்தது? இது ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைப் பாறை. பனியூழிக் காலத்தில் பனியாறுகள் இருபுறமும் பள்ளத்தாக்குகளை ஆழமாகக் குடைந்தன, மேற்பரப்பையும் சுரண்டின. இளகிய இடம் குழியானது, இறுகிய பாறை மேடாக நின்றது. குழிகளில் மழைநீர் தேங்கிச் சுனைகளாயிற்று.

மழைக்குப் பஞ்சமே இல்லை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று கடலைத் தாண்டியதும் இந்த மேட்டு நிலத்தில் மோதி மேலேறுகிறது, குளிர்ந்து கொட்டுகிறது. ஹேஸ்டாக்ஸுக்கு அருகிலுள்ள சீத்வெயிட் என்னும் சிற்றூரில் ஆண்டு மழை சுமார் 3,300 மில்லிமீட்டர். அங்கிருந்து 35 கிலோமீட்டருக்குள், மலைகளுக்கு அப்பால் இருக்கும் பென்ரித்தில் 1,000 மில்லிமீட்டர்கூடத் தேறாது.

ஹேஸ்டாக்ஸின் முகடு இந்த மழையை இரண்டாகப் பிரிக்கிறது. தெற்கே விழும் நீர் லைசா ஆற்றில் சேர்ந்து எனர்டேல் ஏரிக்குப் போகிறது. வடக்கே விழுவது பட்டர்மியர் ஏரி வழியாகக் காக்கர் ஆறாகி, காக்கர்மவுத் ஊரில் டெர்வென்ட் ஆற்றோடு கலக்கிறது. இரண்டு ஆறுகளும் கூடும் இடத்தில் கடைத்தெரு!

2009 நவம்பரில் சீத்வெயிட்டில் 24 மணி நேரத்தில் 316 மில்லிமீட்டர் கொட்டியபோது, அந்தக் கடைத்தெருவில் ஆள் உயரத்துக்கு மேல் வெள்ளம் ஓடியது. 2015 டிசம்பரில், ஹேஸ்டாக்ஸுக்குக் கிழக்கே ஹோனிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர். பிரிட்டனில் அதுவரை காணாத அளவு அது. காக்கர்மவுத் மறுபடியும் மூழ்கியது.

மலையா, குன்றா என்ற வழக்கெல்லாம் அளப்பவர்களுக்கும் ஏறுபவர்களுக்கும்தான். காக்கர்மவுத்தில் கடை வைத்திருப்பவருக்குத் தெரியவேண்டியது ஒன்றே: நேற்றிரவு மேலே எவ்வளவு பெய்தது?