சுவரொட்டியும் சொற்சிக்கனமும்



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையைப் பற்றிப் பேசப் பலர் வந்திருக்கின்றார்கள். எனக்குத் தரப்பட்ட பொருள் சுவரொட்டி. நம் கூட்டங்களுக்கு ஏன் பெரும்பாலும் நாமே வருகின்றோம் என்ற வினாவுக்கு விடையின் ஒரு பகுதி அந்தத் தாளில் இருக்கிறது என்பது என் கருத்து.

சுவரொட்டி யாருக்காக? உறுப்பினர்க்கு அழைப்பிதழ் கைக்கே வந்துவிடுகிறது. சுவரொட்டி நம்மை அறியாதவருக்கு. அவர் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்திருக்கின்றார். நின்று படிக்கும் கடமை அவருக்கில்லை. நாம் ஒட்டுவதோ அழைப்பிதழையே பெரிதாக்கிய தாள். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று இருபது பெயர்கள், எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில். நாளும் இடமும் அடியில், பசை வழியும் ஓரத்தில்.

நீக்குவதன் வலிமைக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு சான்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பெர்லின் நகரில் பிரீஸ்டர் தீக்குச்சிகளுக்காக ஒரு சுவரொட்டிப் போட்டி நடந்தது. லூசியன் பெர்ன்ஹார்ட் என்னும் இளைஞர் முதலில் மேசை, சுருட்டு, சாம்பற்கிண்ணம், புகையினூடே ஆடும் மகளிர் என்று எல்லாவற்றையும் வரைந்தாராம். பிறகு ஒவ்வொன்றாக நீக்கினார். எஞ்சியவை கருஞ்சாயல் தளத்தில் இரண்டு தீக்குச்சிகளும் பிரீஸ்டர் என்ற ஒரு சொல்லும். நடுவர்கள் முதலில் தள்ளிவிட்டார்கள் என்றும், பின்னால் வந்த ஒருவர் அதைக் குப்பையிலிருந்து எடுத்துப் பரிசுக்குரியதாக்கினார் என்றும் சொல்வார்கள். கதை மெருகேறியிருக்கலாம்; படம் இன்றும் இருக்கிறது. எழுதியதைவிட அடித்தது பெரிது என்பதைக் கவிஞர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பெர்லினை அப்படியே பெயர்த்து இங்கே நட இயலாது. நம் எழுத்துக்குத் தனி இயல்புண்டு. ரோமன் எழுத்தில் ஒரு சொல்லை முழுதும் பேரெழுத்தாக்கி உயர்த்திக் காட்டலாம். தமிழில் பேரெழுத்து இல்லை. அளவு, தடிப்பு, சுற்றிலும் விடும் வெற்றிடம் ஆகியவையே நமக்குத் துணை. அந்தத் தடிப்பும் மிகுந்தால் சுழிகள் அடைபடும். முச்சுழி ணகரமும் இருசுழி னகரமும் தொலைவில் ஒன்றாகிவிடும். அலங்கார எழுத்தில் புள்ளி மறைந்தால் மெய், உயிர்மெய் ஆகிவிடும். வரிகளை நெருக்கினால் மேல்வரியின் கீழ்விலங்கு கீழ்வரியின் மேல்விலங்கில் மோதும். இடம் போதாமல் ‘கவிய’ என்று ஒரு வரியிலும் ‘ரங்கம்’ என்று அடுத்த வரியிலும் முறிப்பவர்களைப் பற்றி, சீர் பிரிக்கத் தெரிந்த இந்த அவையில் நான் என்ன சொல்ல? நிறத்துக்கு ஒரு சொல் போதும்: மஞ்சளில் கறுப்பு நெடுந்தொலைவு தெரியும், வெள்ளையில் மஞ்சள் தெரியாது.

இனி நெருடலான இடத்துக்கு வருகிறேன். பெயர்களை நீக்கினால் மனங்கள் புண்படும். ஊதியமின்றிக் கவிதை பாட வருகின்றவர்க்கு நாம் தரும் மதிப்பு அந்த ஒரு வரிதான். அதை அற்பம் என்று தள்ள நான் உடன்படேன். ஆகவே அழைப்பிதழில் எல்லாப் பெயர்களும் உரிய அடைமொழியோடு வரட்டும். சுவரில் எந்தப் பெயரும் வேண்டா. சிலரை வைத்துச் சிலரை நீக்கினால்தான் மனத்தாங்கல். கவியரங்கின் தலைப்பு பெரிதாக. நாள், கிழமை, நேரம், இடம் அடுத்த அளவில். வட்டத்தின் பெயர் சிறிதாக. தலைவர் அவர்களே, தங்கள் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்தருள்க.

அச்சுக்குப் போகுமுன் மாதிரித்தாளைச் சுவரில் ஒட்டி, சாலைக்கு எதிர்ப்புறம் நின்று பாருங்கள். வட்டத்தைச் சேராத ஒருவரை அழைத்து, என்றைக்கு, எங்கே என்று கேளுங்கள். இக்காலத்தில் அதே தாள் கைப்பேசியில் உள்ளங்கையளவாய்ச் சுருங்கியும் போகிறது. சாலைக்கு அப்பாலிருந்து படிக்க முடிந்தது அங்கும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்த கவியரங்குக்கு இப்படியொரு தாளை ஒட்டிப் பார்க்க இசைவு தாருங்கள். பின்வரிசை நாற்காலிகளில் புதிய முகங்கள் எத்தனை என்று நானே எண்ணிச் சொல்கிறேன்.