வென்றவரும் விஞ்சியவரும்



வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். முதுகில் பட்ட புண்ணுக்கு வெட்கித் தோற்ற சேரன் வடக்கிருந்தான். அந்தச் சேரன் உன்னினும் மேலானவன் அல்லனோ என்று வென்றவனிடமே வினவிய புலவர் வெண்ணிக் குயத்தியார். பாடல் புறநானூற்றில் 66ஆவது. வெற்றி வேறு, மேன்மை வேறு என்று காணும் அந்தக் கண்ணோடு கால்பந்தாட்டத்தையும் நோக்கலாம். வென்ற அணி எப்போதும் எதிரணியை விஞ்சி ஆடிய அணிதானா?

1954ஆம் ஆண்டு ஜூலை 4. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரம். உலகக் கோப்பை இறுதியாட்டம். ஒருபுறம் ஹங்கேரி: 1950 மே மாதத்திற்குப் பிறகு நாடுகளுக்கிடையிலான எந்த ஆட்டத்திலும் தோல்வி காணாத அணி. இங்கிலாந்தை அதன் வெம்பிளி அரங்கிலேயே 6–3 என வென்ற அணி. மறுபுறம் மேற்கு ஜெர்மனி. இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் அவ்வணி ஹங்கேரியிடம் 8–3 என்று வீழ்ந்திருந்தது. அன்று முதன்மை வீரர் பலரைப் பயிற்சியாளர் ஹெர்பெர்கர் களமிறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மழையில் தொடங்கிய இறுதியாட்டத்தில் எட்டே நிமிடங்களில் ஹங்கேரிக்கு இரண்டு கோல்கள். 18ஆம் நிமிடத்திற்குள் ஜெர்மனி இரண்டையும் ஈடுசெய்தது. அதன்பின் பந்து பெரும்பாலும் ஜெர்மனியின் கோலை நோக்கியே சென்றது. ஒரு முறை பக்கக் கம்பத்தில் மோதித் திரும்பியது. ஒரு முறை மேல் கம்பத்தில். கோலுக்குள் நுழையவிருந்த ஒரு பந்தைக் கோல்மேயர் கோட்டின் மேலேயே தடுத்தார். எஞ்சியவற்றைக் கோல் காப்பாளர் டூரெக் பார்த்துக்கொண்டார். 84ஆம் நிமிடத்தில் ஹெல்முட் ரான் இடக்காலால் உதைத்தார், 3–2. இறுதி நிமிடங்களில் புஷ்காஷ் அடித்த கோல் 'ஆப்சைடு' என்று தள்ளப்பட்டது. அத்தீர்ப்பு இன்றும் வாதத்திற்குரியது.

கூடைப்பந்தில் புள்ளிகள் பல பத்துகளாகக் குவிகின்றன. ஒரு தவறு மற்றொன்றால் சமனாகிவிடும். கால்பந்தில் கோல் அரிது. தொண்ணூறு நிமிட உழைப்பை ஓர் உதை தீர்மானிக்கலாம், ஓர் அங்குலமும் தீர்மானிக்கலாம். ஆகவே கோல் கணக்கு முடிவைச் சொல்லும், ஆட்டத்தைச் சொல்லாது. (கவியரங்கக் கைதட்டலை எண்ணிக் கவிதையை மதிப்பிடுவோரும் இதைச் சற்றே கருதலாம்.)

இதனால் ஜெர்மனியின் வெற்றி திருட்டு வெற்றியாகிவிடாது. இரண்டு கோல் பின்தங்கியும் கலங்காத உறுதி ஒரு திறமையே. ஈரத் தரைக்கென ஆடி டாஸ்லர் நீண்ட ஆணிகளைத் திருகிப் பொருத்திய காலணிகள் முன்யோசனையின் பயன். முந்தைய மோதலில் கணுக்காலில் அடிபட்டிருந்த புஷ்காஷ் முழு நலமின்றியே ஆடினார்; அது ஹங்கேரி தானே தேர்ந்துகொண்ட இடர். ஜெர்மனி வெல்லத் தகுதி பெற்றிருந்தது. விஞ்சி ஆடியது ஹங்கேரி. இவ்விரண்டையும் ஒருசேர ஏற்பதில்தான் சுவைஞனுக்குத் தடுமாற்றம்.

பெர்னுக்குப் பின் ஹங்கேரி மீண்டும் தோற்றது 1956 பிப்ரவரியில், துருக்கியிடம். இடைப்பட்ட ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் அவ்வணி இழந்தது ஒரே ஓர் ஆட்டம். அது அந்த இறுதியாட்டம்.