வயது போன பின் வழி என்ன?



ஜொகூர் தோட்டங்களில் இருள் பிரியுமுன் பால் வெட்டப் போன கைகள் இன்று நடுங்குகின்றன. 1951-ல் வந்த ஊழியர் சேமநிதி நமக்குத் துணைதான். ஆனால் குறைந்த சம்பளத்தில் பிடித்த சந்தா சிறு தொகையே. 55 வயதில் எடுத்தால் மகள் கலியாணத்தோடு தீர்ந்துவிடுகிறது. பிறகு?

இந்தக் கேள்வியை எழுப்பியவர்களில் ஒருவர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ். சிறு கட்சியான மலேசிய சோசலிசக் கட்சிக்காரர். சுங்கை சிப்புட்டில் 1999, 2004 தேர்தல்களில் தோற்றார், தளரவில்லை. 2008-ல், 1974 முதல் அத்தொகுதியை வைத்திருந்த சாமிவேலுவையே வென்றார். 2013-லும் வென்று, 2018-ல் தோற்றார். நாற்காலி போயிற்று, கோரிக்கை போகவில்லை. முதியோர் அனைவருக்கும் ஓய்வூதியம் வேண்டுமென்று அக்கட்சி அதன்பின்னும் கேட்டது.

வெளிநாட்டிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. நெதர்லாந்தில் முதியோர் கட்சியொன்று 1994-ல் 6 இடங்களைப் பிடித்தது. உட்பூசலில் சிதறி, 1998-ல் ஓர் இடமும் இல்லாமல் போயிற்று. கோபம் ஓட்டாகலாம், ஒற்றுமைதான் நிலைக்கும்.

ஆகவே கிளைக் கூட்டங்களுக்கு ஓய்வுபெற்றவர்களையும் அழைத்து வருவோம். கிராணிமார் கணக்கெழுதித் தரட்டும்: எத்தனை வருட வேலை, எவ்வளவு சேமநிதி, இன்று எதில் பிழைப்பு? ஓட்டுக் கேட்டு எந்தக் கட்சி வந்தாலும் அந்தக் கணக்கை முன்னே வைப்போம். இன்று கத்தி பிடிக்கும் நாமே நாளைய முதியவர்கள்.