குழு வண்டிக்கு நாங்களே பிளக் மாற்றினோம்
(கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

எங்க குழு கடன் வாங்கி எடுத்த பெட்ரோல் லோடு வண்டி, போன ஐப்பசி மழையில மிஸ் அடிக்க ஆரம்பிச்சுது. மேட்டுல இழுவையே இல்ல. பட்டறைக்காரர் எஞ்சினைப் பிரிக்கணும்னுட்டார். தவணை கட்டவே திணறுற நேரம், வயித்தைக் கலக்கிடுச்சு.

நான்தான் டிரைவர். எதுக்கும் பிளக்கைப் பார்த்துடலாம்னு சீட்டைத் தூக்கினேன். எஞ்சின் நல்லா ஆறணும். சூட்டுல கழட்டினா மரை போயிடும். பேட்டரி வயரை எடுத்துட்டு, காயில் போல்ட்டைக் கழட்டி, லேசாத் திருகி மேலே இழுத்தேன். மூணாவது பிளக் மேல மாட்டுற ரப்பர் பூட் வெடிச்சிருந்துச்சு. அந்த வெடிப்பு வழியா கரண்ட் எஞ்சின் பாடிக்குத் தாவிடுது, பிளக் முனையில பொறி வரலை. ஈரம் பட்டா இன்னும் மோசம்.

நாலு பிளக், நாலு பூட் புதுசு வாங்கினோம். குழியில இருக்கிற மண்ணை ஊதிட்டுத்தான் பழைய பிளக்கைக் கழட்டணும், இல்லேன்னா மண்ணு எஞ்சினுக்குள்ள போயிடும். புதுசை முதல்ல கையாலயே திருகணும், ஸ்பேனர் கடைசியில. எந்த பிளக், எவ்வளவு இறுக்கணும்னு வண்டிப் புத்தகத்துலயே இருக்கு. (டீசல் வண்டிக்காரங்க தேடாதீங்க, அதுல ஸ்பார்க் பிளக்கே கிடையாது!)

மறுநாளே தக்காளி லோடு ஏத்தினோம், மேடு ஏறிடுச்சு. செலவைத் தீர்மான நோட்டுல எழுதி, பில்லையும் ஒட்டி வச்சிருக்கோம். வெடிச்ச பூட்டைக் கொண்டு வந்திருக்கேன், கையில வாங்கிப் பாருங்க.